தும்பைச் செடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மொட்டைமாடியில் சில சாடிகளில் தும்பை வளர்க்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், கோயிலில் என் பூத்தட்டைப் பார்க்கிறவர்கள், வாட்ஸ்அப்பில் எதையோ வாசித்துவிட்டு அழைப்பெடுப்பவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி இவற்றைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் வைத்தியர் அல்ல. மருந்து பற்றிய பதில்களை அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

தும்பை எண்டா எது? படத்தில பார்த்தா எல்லாப் பூண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கு.

முழங்கால் உயரத்துக்கு மேல் அவ்வளவாக வளராத, துளசிக் குடும்பத்துப் பூண்டு. தண்டை இரண்டு விரலால் பிடித்து உருட்டினால் நான்கு விளிம்பு தட்டுப்படும். இலைகள் சோடி சோடியாக, ஒன்றுக்கு எதிரே ஒன்று. கணுவைச் சுற்றியும் நுனியிலும் பச்சை முடிச்சு ஒன்று திரண்டிருக்க, அதிலிருந்து தூய வெள்ளைப் பூக்கள் வளையமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

பூவைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள், ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது. மேலுதடு குட்டையான குல்லா போல வளைந்து, வெளிப்புறம் முழுக்கப் பஞ்சு மயிரோடு இருக்கும். கீழுதடு அதைவிடப் பெரியது. மூன்று மடலாகப் பிரிந்து, நடு மடல் அகன்று முன்னால் தொங்கும். தேனீயும் சின்ன வண்ணத்துப்பூச்சிகளும் வந்து நிற்பது அந்த மடலில்தான். இலையைக் கசக்கினால் காரமான ஒரு மணம் வரும். துளசி மணம் மாதிரி இனிமையானதல்ல, மூக்கைக் கொஞ்சம் குத்தும்.

எங்கட வளவில கணுவுக்குக் கணு வெள்ளைப் பூவோட ஒண்டு நிக்குது. ஆனா மணமே இல்லை. அதுவும் தும்பையா?

பெரும்பாலும் அது நத்தைச்சூரி. கொழும்புப் புல்வெளிகளில் தும்பையைவிட அதுதான் அதிகம் கண்ணில் படும். அதற்கும் தண்டு நாலு பட்டை, இலை எதிரெதிர், பூ கணுவைச் சுற்றி. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

பிரித்தறிவது கஷ்டமில்லை. நத்தைச்சூரியின் பூ மிகச் சின்னது, நான்கு சமமான இதழ் நுனிகள், உதடு என்று எதுவும் கிடையாது. இரண்டு இலைக்காம்பும் தண்டைத் தொடும் இடத்தில் ஒரு சிறு உறையும் அதன் விளிம்பில் விறைத்த மயிர்களும் இருக்கும். தும்பைக்கு அந்த உறை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கசக்கி முகருங்கள். மணம் இல்லையென்றால் தும்பை இல்லை. சமைக்கவோ மருந்துக்கோ எடுக்கிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது.

தும்பை, முடித்தும்பை, சிங்களத்தில சொல்லுற கெட்ட தும்ப: மூண்டும் ஒண்டா?

நெருங்கிய சொந்தக்காரர்கள். தாவரவியலில் இவை எல்லாம் லூக்கஸ் என்ற பேரினம். தமிழ்நாட்டுச் சித்த நூல்கள் தும்பை என்று வெறுமனே சொன்னால் அது பெரும்பாலும் லூக்கஸ் ஆஸ்பெரா. இலங்கையில் முடித்தும்பை என்றும் சிங்களத்தில் கெட்ட தும்ப என்றும் சொல்வது லூக்கஸ் செய்லானிகா. ஆஸ்பெராவின் பூமுடிச்சு பெரிதாகத் திரண்டு, அதன் அடிச் செதில்கள் முரட்டு மயிரோடு இருக்கும். மற்றதில் முடிச்சு சிறியது.

பாட்டிமார் இரண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை, பூசைக்கும் சமையலுக்கும் அது பெரிய குறையுமில்லை. கீழே நான் தும்பை என்று எழுதுவது இரண்டுக்கும் பொதுவாகத்தான். சந்தையில் சிங்கள வியாபாரியிடம் கேட்கும்போது ‘கெட்ட தும்ப’ என்று சொன்னால் போதும். ‘கெட்ட’ என்பதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அங்கே அது முடிச்சைக் குறிக்கிறது, நம் முடித்தும்பை போலவே.

இது எங்கட நாட்டுச் செடியா? இல்லாட்டி யாரோ கொண்டுவந்து போட்டதா?

நம்முடையதுதான். இலங்கை, இந்தியா தொடங்கி தென்கிழக்காசியா வரைக்கும் இயற்கையாகவே வளர்கிறது. யாரும் நட்டுப் பரப்பியதல்ல.

கொழும்புக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை ஒன்று இதில் உண்டு. 1670களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராகக் கொழும்பில் இருந்தவர் பால் ஹெர்மன். இங்குள்ள செடிகளைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டித் தொகுத்து வைத்தார். அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு அந்தத் தொகுப்பு சுவீடனின் தாவரவியலாளர் லின்னேயஸ் கைக்குப் போனது. லின்னேயஸ் இலங்கைக்கு வந்ததே இல்லை. அந்த உலர்ந்த தாள்களை வைத்துத்தான் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1753இல் உலகத் தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது நம் முடித்தும்பைக்கு ‘செய்லானிகா’, அதாவது இலங்கையுடையது, என்ற பெயர் விழுந்தது. ஹெர்மனின் தொகுப்பு இன்றைக்கும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கொழும்பில எங்க போய்ப் பார்க்கிறது? இங்க எல்லாம் கொங்கிறீட்தானே.

வெயில் விழுகிற, யாரும் கவனிக்காத நிலம் எங்கே இருக்கிறதோ அங்கே. கட்டடம் இடித்துவிட்டுச் சும்மா கிடக்கும் காணி, பழைய மதிலோரம், கடற்கரை ரயில்பாதைக்கு உள்பக்கமாகக் கிடக்கும் மண்மேடு, மயானங்களின் வேலியடி. தண்ணீர் தேங்குகிற இடத்தில் தேட வேண்டாம். 2018இல் கொழும்புக்கு ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததிலிருந்து சதுப்பு நிலத்தில் எல்லாச் செடியும் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தும்பை அங்கேயும் வரம்பு மேட்டையும் நடைபாதை ஓரத்தையும்தான் பிடிக்கும். பெத்தகான, தியசரு போன்ற ஈரநிலப் பூங்காக்களில் கண்டால் பார்த்துவிட்டு வாருங்கள், பிடுங்காதீர்கள்.

ரயில் பாதையில் ஏறி நின்று பறிப்பதும் வேண்டாம். சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் சிவராத்திரிக் காலையில் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் நல்லா இருந்த செடி இப்ப காய்ஞ்சு நிக்குது. நான் என்ன பிழை விட்டன்?

ஒரு பிழையும் இல்லை. தும்பை ஓராண்டுச் செடி. முளைக்கும், பூக்கும், விதை போடும், செத்துப்போகும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் இரண்டாம் வருடத்துக்கு நிற்காது. மல்லிகை, செவ்வரத்தை வளர்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் மனவருத்தம்தான்.

காய்ந்த செடியைப் பிடுங்கி எறிய முன்னர் பழுப்பான முடிச்சு ஒன்றை வெள்ளைத் தாளில் கவிழ்த்துத் தட்டுங்கள். ஒவ்வொரு பூவின் காய்ந்த புல்லிக் கிண்ணத்துக்குள்ளும் நாலு விதை வரை இருக்கும். கடுகைவிடச் சின்னது, கடும் பழுப்பு, வழவழப்பு. அடுத்த தலைமுறை அதுதான்.

காட்டில் அவை மழையை நம்பி முளைக்கின்றன. கொழும்பில் மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் ஒரு அலை, ஒக்டோபர் நவம்பர் மழைக்கு இன்னொரு அலை. இரண்டு மழைக்கும் இடையிலும் ஆங்காங்கே பூ இருக்கும். இங்கே நாம் வறண்ட ஊர்க்காரர்கள் இல்லை.

பல்கனியில வளர்க்கலாமா? எங்களுக்கு மண்ணே இல்லை.

வளர்க்கலாம், வெயில் இருந்தால். அரை நாளாவது நேர் வெயில் படாத பல்கனியில் செடி நீண்டு மெலிந்து சாயும், பூ நாலைந்தோடு நின்றுவிடும். நான் மொட்டைமாடிக்குப் போனதே அதனால்தான். சாடி ஆழமாக இருக்கத் தேவையில்லை, ஒரு சாண் போதும். தோட்ட மண்ணோடு பாதிக்குப் பாதி மணல் கலந்துகொள்ளுங்கள். உரம் அதிகம் போட்டால் இலை கொழுக்கும், பூ குறையும்.

விதையைப் புதைக்காதீர்கள். ஈர மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, அதற்கு மேல் மணலைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் போதும். குழாயைத் திறந்து தண்ணீர் அடித்தால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும், அதனால் தெளிப்பான்தான் சரி. நெருக்கமாக முளைத்தால் கலைத்துவிட்டு, கலைத்த நாற்றைக் கீரைச் சுண்டலில் போடுங்கள். நுனியை ஒருமுறை கிள்ளிவிட்டால் கிளை பிரிந்து பூமுடிச்சும் கூடும்.

சாடிக்குக் கீழே தட்டு வைக்கிறவர்கள் கவனம். தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கண்டால் வழக்கும் வரும். மணலால் தட்டை நிரப்பிவிடுங்கள், அல்லது தட்டே வேண்டாம்.

பூசைக்கு எந்தச் சாமிக்கு வைக்கலாம்? வாங்கக் கிடைக்குமா?

சிவனுக்கு உகந்த பூ. எருக்கும் ஊமத்தையும் போல, யாரும் விலை வைக்காத பூக்களைச் சூடுகிறவன் அவன் என்பது நம் வழக்கு. சிவராத்திரிக்குத்தான் அதிகம் தேடுவார்கள். பிள்ளையாருக்கும் வைக்கிறார்கள். உங்கள் கோயில் முறை எப்படியோ ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பூக்கடையில் வழமையாகக் கிடைக்காது, காரணம் பூவின் குணம். தொட்டாலே வெள்ளைப் பகுதி கழன்று விழும். சரம் கட்டி வெயிலில் தொங்கவிட்டால் மத்தியானத்துக்குள் ஒன்றுமிருக்காது. விடியற்காலையில், பனி ஈரம் காய முன்னர், கீழே வாழையிலைத் துண்டைப் பிடித்துக்கொண்டு முடிச்சை மெல்லத் தட்டினால் பூக்கள் தாமாக இலையில் விழும். கிள்ளிப் பறிப்பதைவிட இது வேகம், செடிக்கும் காயமில்லை. அதை அப்படியே உதிரிப்பூவாகத் தட்டில் கொண்டுபோங்கள்.

பள்ளிக்கூடத்தில தும்பைத் திணை எண்டு படிச்சம். போருக்குப் போற அரசன் சூடினது இந்தச் சின்னப் பூவையா?

இதைத்தான். தொல்காப்பியத்தின் புறத்திணையில் வெட்சி ஆநிரை கவர்வதற்கு, வஞ்சி மண்ணாசையால் படையெடுப்பதற்கு, உழிஞை மதிலை முற்றுவதற்கு. தும்பை, வலிமை காட்டுவதே நோக்கமாக இரண்டு வேந்தர் நேருக்கு நேர் பொருவதற்கு. நிலமும் மாடும் பொருளில்லாத போர். அந்தப் போருக்கு எந்த விலையும் இல்லாத ஒரு பூவைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. கறுத்த தலையில் வெள்ளையாகத் தூரத்துக்குத் தெரியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம், அது என் ஊகம்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களிலும் தும்பை வருகிறது, துழாய்க்கு அதாவது துளசிக்குப் பக்கத்திலேயே. இரண்டும் ஒரே குடும்பம் என்று தாவரவியல்காரர்கள் சொல்வதை முதல் பதிலில் எழுதினேன். கபிலர் அதற்காக வைத்தாரா, ஓசைக்காக வைத்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள்.

சாப்பிடலாமா? கைக்காதா?

சாப்பிடலாம், கைக்கும். ஆனால் பாகற்காய் தின்கிற ஆட்களுக்கு இது ஒன்றுமேயில்லை. இலங்கையில் தமிழரும் சிங்களவரும் இளம் இலையைச் சுண்டலாகச் செய்கிறார்கள், சிங்களத்தில் மெல்லும் என்பார்கள். பூக்கத் தொடங்க முன்னர் உள்ள நுனிக் கொழுந்துதான் நல்லது. பூத்த பிறகு இலை முற்றி நார் தட்டும்.

நான் செய்வது இப்படி. ஒரு கைப்பிடி தும்பைக்கு இரண்டு கைப்பிடி பொன்னாங்காணி அல்லது வல்லாரை. உப்புத் தண்ணீரில் அலசி, ஈரத்தை நன்றாக உதறி, கத்தி விடுகிற அளவு மெல்லியதாக அரியுங்கள். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ. மச்சம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் மாசிக் கருவாட்டை இடித்துப் போடலாம். எல்லாவற்றையும் சட்டியில் போட்டுத் தண்ணீர் விடாமல் கையால் பிசைந்து, இளந்தீயில் இலை நிறம் மாறும்வரை மட்டும் கிளறி இறக்குங்கள். தேசிப்புளி இறக்கிய பிறகுதான். அடுப்பில் இருக்கும்போது விட்டால் கைப்பு தூக்கலாகிவிடும், இலையும் மண்ணிறமாகும். சுடுசோறும் பருப்பும் பக்கத்தில் இருந்தால் வேறு கறி தேவையில்லை.

துவையலாகவும் அரைக்கலாம், உள்ளியும் மிளகும் வறுத்துச் சேர்த்து. மழைநாளில் சளி பிடித்த ஆட்களுக்கு அதுதான் பிடிக்கிறது.

பிள்ளையள் பூவைப் பிடுங்கி உறிஞ்சுதுகள். பரவாயில்லையா?

நாங்களும் உறிஞ்சினவர்கள்தான். பூவின் அடிக் குழாயில் ஒரு துளி தேன் இருக்கும். எறும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். வீட்டுச் சாடியில் உள்ளது என்றால் பயமில்லை. தெருவோரச் செடி என்றால் வேண்டாம், காரணம் அடுத்த கேள்வியில்.

ரோட்டோரத்தில நிக்கிறதைக் கழுவிப்போட்டுச் சமைச்சா என்ன?

கழுவினால் தூசு போகும், மற்றதெல்லாம் போகாது. காலி வீதி ஓரத்தில் நாள் முழுக்க வாகனப் புகை. சும்மா கிடக்கும் காணிகளில் களைகொல்லி அடித்திருப்பார்கள், அடித்த அன்றைக்கு இலை பச்சையாகத்தான் இருக்கும். நாய், பூனை, எலி எல்லாம் அங்கேதான். எலிக்காய்ச்சல் நம் நாட்டில் சும்மா பெயருக்கு இருக்கும் நோய் அல்ல. எலியின் சிறுநீர் கலந்த ஈர நிலத்தில் காலில் புண்ணோடு வெறுங்காலாக நின்று கீரை பறிப்பதே ஆபத்து.

பூசைக்குப் பறிப்பதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். வாய்க்குள் போவதற்கு, தெரிந்த வளவில் அல்லது சொந்தச் சாடியில் வளர்ந்தது மட்டும்.

அந்தக் காலத்தில என்னென்னத்துக்கு மருந்தாப் பாவிச்சவை?

நிறைய. சித்த மருத்துவத்திலும் இலங்கையின் நாட்டு வைத்தியத்திலும் பெரும்பாலும் ஒத்துவரும் பாவனைகள் சில உண்டு. தடிமன், சளி, காய்ச்சலுக்கு இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பது அல்லது கசாயமாகக் குடிப்பது. தலையிடிக்கும் பீனிசத்துக்கும் (சைனஸ் வருத்தம்) சாற்றை மூக்கில் விடுவது. சிரங்கு, சொறிக்கு இலையை அரைத்துப் பூசுவது. பிள்ளைகளின் வயிற்றுப்பூச்சிக்குச் சாறு கொடுப்பது. பூச்சிக்கடி, தேள்கடி, பாம்புக்கடிக்குச் சாற்றைக் குடிக்கக் கொடுத்துக் கடிவாயிலும் வைப்பது. காய்ந்த செடியை எரித்துப் புகை போடுவது.

இதில் எது வேலை செய்கிறது என்று கேட்டால், ஆய்வுகூடங்களில் இலைச்சாற்றைக் கிருமிகள் மேலும் எலிகள் மேலும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கிருமியை அடக்குவது, வீக்கத்தையும் நோவையும் குறைப்பது போன்ற விளைவுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணாடிக் குழாயில் நடப்பது மனித உடம்பில் அப்படியே நடக்கும் என்பதில்லை. பாட்டிமார் சொன்னதெல்லாம் மூடநம்பிக்கையும் இல்லை, எல்லாம் மருந்தும் இல்லை. ஆவி பிடிப்பது, சுண்டல், தோலில் பூசுவது வரைக்கும் நான் சம்மதம். அதற்கு மேலே போகும் கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கேதான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

தோலில் பூசுகிறவர்களும் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிலருக்கு எரியும்.

தலையிடி தாங்கேலாது. மூக்கில ரெண்டு சொட்டு விட்டா உடன நிக்கும் எண்டு அம்மம்மா சொல்லுறா. விடட்டா அக்கா?

அம்மம்மா சொல்வது நசியம் என்ற முறை, சித்த மருத்துவத்தில் உள்ளதுதான். ஆனால் அங்கே வைத்தியர் ஆளைப் பார்த்து, அளவு பார்த்து, சுத்தமாகத் தயாரித்து விடுவார். நீங்கள் வீட்டில் கசக்கிப் பிழிவது மண்ணும் கிருமியும் கலந்த பச்சைச் சாறு. பயங்கரமாக எரியும், கண்ணீரும் சளியும் கொட்டும். சளி இறங்கினால் பாரம் குறைந்த மாதிரி இருப்பது உண்மை. அது போகும் இடம் சைனஸ், அதற்கு அந்தப் பக்கம் மூளை. என் வீட்டில் நான் விடுவதில்லை.

குழந்தைகளுக்கு ஒருபோதும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போனால் வேறு கதை. அவ்வளவு நம்பிக்கை இருந்தால் பொரளையில் ஆயுர்வேதப் போதனா வைத்தியசாலை இருக்கிறது, பதிவு பெற்ற சித்த வைத்தியர்களும் கொழும்பில் இருக்கிறார்கள். அங்கே போய்ச் செய்யுங்கள். திடீரென வந்த கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, பார்வை மங்கல், காய்ச்சலோடு வாந்தி, இதில் ஒன்று இருந்தால்கூடத் தும்பையும் வேண்டாம், பனடோலும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

பாம்பு கடிச்சா தும்பைச் சாறு குடுத்தா விசம் இறங்கும்தானே?

இறங்காது. இந்த ஒரு பதிலில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

‘குடுத்தவை, ஆள் தப்பினவர்’ என்று சொல்வார்கள். விசமில்லாத பாம்பு கடித்திருக்கும், அல்லது விசப் பாம்பு கடித்தும் விசம் ஏற்றாமல் விட்டிருக்கும். இரண்டும் அடிக்கடி நடப்பவை. அப்படித் தப்பியவரின் கணக்கு தும்பைக்குப் போகும், தப்பாதவரின் கணக்கு விதிக்குப் போகும். கொழும்பின் புறநகர்த் தோட்டங்களில் சருகுக்குள் கிடக்கும் குனகட்டுவா என்ற சின்ன விரியன் வகைப் பாம்பு கடித்தால் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும், அது வெளியே தெரிய நேரம் எடுக்கும். வீட்டில் சாறு குடித்துவிட்டுப் படுத்திருக்கிற நேரம் அல்ல அது.

கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, மோதிரம் காப்பு கழற்றி, 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வெட்ட வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம்.

சீனி வருத்தத்துக்குத் தும்பைக் கசாயம் குடிச்சா குளிசையை நிப்பாட்டலாம் எண்டு வாட்ஸ்அப்பில வந்தது.

நிப்பாட்டக் கூடாது. முன்னே சொன்ன எலி ஆய்வு வகைதான் இதற்கும் அடிப்படை. குளிசையோடு சேர்த்துக் குடிப்பதையும் உங்கள் கிளினிக் டொக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் சீனி இறங்கினாலும் ஏறினாலும் அவருக்குக் காரணம் பிடிபடாது. இடைக்கிடை சுண்டலாகச் சாப்பிடுவது வேறு, அது கீரைதான். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிற தாய்மாரும் கசாயம், சாறு பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

நுளம்புக்குப் புகை போட்டா வேலை செய்யுமா?

புகை இருக்கும் வரைக்கும் நுளம்பு கொஞ்சம் விலகும், வேப்பிலைப் புகை மாதிரியே. ஆனால் டெங்கு நுளம்பு பகலில், அதிலும் காலையிலும் பின்னேரத்திலும் கடிப்பது. நாம் புகை போடுவது விளக்கு வைத்த பிறகு. அடைத்த தொடர்மாடி வீட்டில் இழுப்பு உள்ளவர்களுக்கு நுளம்பைவிடப் புகை மோசம், மேல்வீட்டுக்காரர் சண்டைக்கும் வருவார். தண்ணீர் தேங்குவதை ஒழிப்பதுதான் வழி. சாடித் தட்டைப் பற்றி மேலே எழுதியதைத் திரும்பப் பாருங்கள்.

புறக்கோட்டையில காய்ஞ்ச தும்பை விக்கினமே, அதை வாங்கலாமா?

காபோஸ் லேனில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, கேட்டால் எடுத்துத் தருவார்கள். சிக்கல் என்னவென்றால், காய்ந்து நொறுங்கிய பிறகு இரண்டாவது கேள்வியில் சொன்ன அடையாளம் எதுவும் மிஞ்சாது. பொடியாக இருந்தால் எதுவென்றே சொல்ல முடியாது. முழுச்செடிக் கட்டாகக் கேளுங்கள். நாலு பட்டைத் தண்டு, பந்து பந்தாக முடிச்சு, உள்ளே வழவழத்த சின்ன விதை, இந்த மூன்றும் தெரிய வேண்டும். பூஞ்சண மணம் அடித்தால் திருப்பிக் கொடுங்கள்.

அந்தக் கட்டில் விதை நன்றாக முற்றியிருந்தால் மருந்துக்கு முன்னர் ஒரு சிட்டிகை சாடியிலும் தூவிப் பாருங்கள். முளைத்தால் அடுத்தமுறை கடைக்குப் போக வேண்டியதில்லை.

லண்டனில இருக்கிற மகள் விதை கேக்கிறா. சூட்கேசில போட்டு அனுப்பலாமா?

சும்மா போட்டு அனுப்பக் கூடாது. பிரித்தானியாவுக்கு வெளிநாட்டு விதை கொண்டுபோக, ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். இங்கே அதைக் கொடுப்பது கட்டுநாயக்கவில் உள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை. கனடா, அவுஸ்திரேலியா போகிறவர்களும் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவுஸ்திரேலியா விதை விஷயத்தில் மிகவும் கடுமை; காய்ந்த இலையையும் பொடியையும்கூட விமானநிலையத்தில் மறைக்காமல் அறிவிக்க வேண்டும்.

சான்றிதழோடு போய்ச் சேர்ந்தால், குளிர் முழுதாகப் போன பிறகு யன்னலோர வெயிலில் விதைக்கச் சொல்லுங்கள். உறைபனி பட்டால் அன்றைக்கே கருகிவிடும். ஓராண்டுச் செடி என்பதால் அவவுக்கு அந்தக் கோடை ஒன்றே போதும், விதையை மட்டும் எடுத்து உலர்ந்த கடதாசி உறையில் வைத்துக்கொண்டால் சரி.